யாரும் பேரம் பேசாத நாள்

மேலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் இருக்கிற ஃபிளக்ஸ் கடை என்னுடையது. என் பேர் ஐரின். காதுகுத்து, பூப்பு நீராட்டு, கிடாவெட்டு, கட்சிக்காரர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி என்று இந்த வட்டாரத்தில் யாருக்கு என்ன நடந்தாலும் முதலில் என் கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். மனுஷன் பிறந்ததிலிருந்து செத்துப் பதினாறாம் நாள் வரைக்கும் பத்துக்கு எட்டு அடியில் ரோட்டோரம் நிற்கவைப்பதுதான் எங்கள் பக்கத்து மரியாதை. ரோட்டில் போர்டு வைக்க அனுமதி வாங்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அது பாட்டுக்கு இருக்கிறது.

பதினான்கு வருஷமாக இந்தத் தொழில் பார்க்கிறேன். இத்தனை வருஷத்தில் நான் செய்த ஒரு தப்பைத்தான் சொல்லப் போகிறேன். சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். சாமியார் மூன்று அருள்நிறை மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். முப்பதாயிரம் சொன்னாலும் தீராது என்று எனக்குத் தெரியும், சாமியாருக்குத் தெரியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலையில், வடக்கே எல்லையில் இருந்த நம் ராணுவ முகாம் ஒன்றின் மேல் ட்ரோன்கள் வந்து குண்டு போட்டுவிட்டுப் போயின. போர் அறிவிப்பு கிடையாது, ஒரு மிரட்டல்கூடக் கிடையாது. ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்த நேரம். காலையில் டீக்கடை டிவியில் எரிந்த கூடாரங்களைக் காட்டினார்கள். மத்தியானத்துக்குள் நாடு மொத்தமும் கொதித்துப்போனது. எல்லா சேனலிலும் எட்டுக் கட்டத்துக்குள் எட்டுப் பேர் உட்கார்ந்துகொண்டு ஒரே நேரத்தில் கத்தினார்கள். திருப்பி அடிக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, எத்தனை மணிக்கு அடிப்பது என்பதில்தான் சண்டை.

எங்களுக்கு அந்த முகாமில் ஒரு ஆள் இருந்தான். முகேஷ். பஸ் ஸ்டாண்டு வாசலில், என் கடைக்கு நேர் எதிரே, வெள்ளரிப்பிஞ்சு விற்கிற சோணையம்மாளின் ஒரே மகன். அவன் அப்பா பால்பாண்டி கல்குவாரியில் பாறை சரிந்து செத்தபோது அவனுக்கு ஒன்பது வயது. அதற்குப் பிறகு அந்த அம்மா, குத்தகைக்கு வாங்கிய அரை ஏக்கர் நிலத்தில் வெள்ளரி போட்டு, விடியும் முன்னே பறித்து, முதல் பஸ்ஸில் கூடையோடு வந்து இறங்கி, அவனைப் படிக்கவைத்தார். பள்ளிக்கூடம் விட்டால் அவன் என் கடைப் படிக்கட்டில்தான் உட்கார்ந்திருப்பான். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அவன் அம்மாவை நான் ஆத்தா என்பேன்.

பட்டாளத்தில் சேர்ந்து அவன் முதல் லீவில் வந்தபோது, அவன் கூட்டாளிகள் வரவேற்பு போர்டு அடித்தார்கள். அதற்கான போட்டோவை என் கடைச் சுவரில் சாய்த்து நிறுத்தி நான்தான் எடுத்தேன். யூனிஃபார்மில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பான். ஆத்தாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. பஸ்ஸைக்கூட கலரை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். ஆனால் அந்த ஒரு வாரமும் அந்த போர்டுக்குக் கீழே கூடையை வைத்து, வெள்ளரி வாங்க வந்தவர்களிடமெல்லாம் மேலே கையைக் காட்டி, "எம்மகன்" என்று சொன்னார். வாங்காமல் போனவர்களிடமும் சொன்னார்.

முகாமில் குண்டு விழுந்த செவ்வாய்க்கிழமை அவர் நாலு தடவை என் கடைக்கு ஏறி வந்தார்.

"நீ போட்டுப் பாரு தாயி. எம்போன்லதான் ஏதோ கோளாறு."

நானும் போட்டேன். நாலு தடவையும் சுவிட்ச் ஆஃப். சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போகும்போது மிச்சக் கூடையை விற்காமலே தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு அழகுமலை என் வீட்டுக் கதவைத் தட்டினான். அழகுமலை முகேஷின் கூட்டாளி, அவர்கள் ஊர் இளைஞர் மன்றத்துத் தலைவன். கண் சிவந்து வீங்கியிருந்தது.

"முகேஷு போயிட்டான்க்கா."

"யார்றா சொன்னது?"

"டிவில ஓடுதுக்கா. செத்தவங்கள்ல ஒருத்தரு மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரமாம்."

"பேரு போட்டாங்களா?"

"பேரு எதுக்குக்கா? மேலூர்ல இருந்து அந்தக் கேம்ப்புல வேற யாரு இருக்கா? நேத்துல இருந்து போனும் போகல." அவன் தோளில் கிடந்த துண்டால் மூக்கைத் துடைத்தான். "மேலத்தெருப் பசங்க இன்னொரு கடையில போர்டு அடிக்க நிக்கிறாய்ங்க. நம்ம முகேஷுக்கு அவிங்க போர்டு வச்சா, நாம உசுரோட இருந்தும் பிரயோசனம் இல்ல. சீக்கிரம் கடையத் தொறங்கக்கா."

பஸ் ஸ்டாண்டு வாசலில் போர்டு வைக்க நல்ல இடம் ஒன்றுதான் உண்டு. முந்தினவன் போர்டுதான் அங்கே நிற்கும். கல்யாணத்துக்கு மட்டுமில்லை, சாவுக்கும் எங்களுக்கு இந்தப் போட்டி உண்டு.

நான் ஒன்று செய்தேன். கடையைத் திறப்பதற்கு முன் முகேஷின் நம்பருக்கு இன்னொரு தடவை போட்டேன். சுவிட்ச் ஆஃப். அதையே உறுதி என்று எடுத்துக்கொண்டேன். கலெக்டர் ஆபீசுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். அரைமணி நேரம் பொறுத்திருக்கலாம். என் புருஷன் பள்ளிக்கூட வாத்தியார், பல் விளக்கிக்கொண்டே, "பேரு வரட்டுமேம்மா" என்று சொன்னார். அவருக்கு வியாபாரம் தெரியாது என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

போட்டோ என்னிடமே இருந்தது. பின்னால் தேசியக்கொடி, மேலே நாலு வெள்ளைப் புறா. மெழுகுவர்த்தியும் அழுகிற கண்ணும் வைக்கவில்லை, ராணுவ வீரனுக்கு அதெல்லாம் எதற்கு என்று அழகுமலை சொல்லிவிட்டான். "வீரவணக்கம்" என்று பெரிய எழுத்து. அதற்குக் கீழே பேர், ஊர், செத்த தேதி. அடியில், வழக்கம் போல, என் கடைப் பேரும் போன் நம்பரும். அழுதுகொண்டேதான் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அழுதாலும் கை அது பாட்டுக்கு வேலை செய்தது. ஏழே முக்காலுக்கு போர்டு ஏறிவிட்டது. மேலத்தெருப் பசங்கள் வந்து பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு போனார்கள்.

ஆத்தாவுக்கு யார் சொல்வது என்று நாங்கள் யாரும் யோசிக்கவே இல்லை. அழகுமலை சொல்லத்தான் ஊருக்கு பைக்கில் போனான். அவன் அந்தப் பக்கம் போகும்போது ஆத்தா, வழக்கமான முதல் பஸ்ஸை விட்டுவிட்டு, எட்டு மணி பஸ்ஸில் இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார்.

நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். பஸ்ஸை விட்டு இறங்கினார். கூடையைத் தலையில் வைத்தார். நிமிர்ந்தார். மகனைப் பார்த்தார். அவர் அங்கேயே விழுந்துவிடுவார் என்று நினைத்துப் படிக்கட்டை நோக்கி ஓடினேன். பாதிப் படியில் அவரே ஏறி வந்துவிட்டார், மூச்சு வாங்க, வாயெல்லாம் பல்லாக.

"ஐரினு! வாரானா எம்மகன்?"

நான் அவர் தலையிலிருந்த கூடையை இறக்கிப் படியில் வைத்தேன்.

"எங்கிட்டக்கூடச் சொல்லல பாரு, களவாணிப்பய. நேத்துப் பூராம் நான் செத்துட்டேன் தாயி. ஒரு வாய்ச் சோறு எறங்கல. ராத்திரி பூராம் சாமிக்கு நேந்துக்கிட்டுக் கெடந்தேன். இப்ப பஸ்ஸ விட்டு எறங்கி அவன் மூஞ்சியப் பாத்த பெறகுதான் உசுரு வந்துச்சு." கூடையில் கையை விட்டு நல்ல பிஞ்சாக இரண்டு வெள்ளரி எடுத்து என் கையில் திணித்தார். "என்னைக்கு வாரான்?"

அவர் முகம் எனக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இதுதான்:

"வாரான் ஆத்தா. சீக்கிரம் வாரான்."

பொட்டியில்தான் வருவான் என்று நினைத்துக்கொண்டுதான் அப்படிச் சொன்னேன். அவர் என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி முறித்துவிட்டுக் கீழே இறங்கிப் போய், போர்டுக்கு நேர் கீழே கூடையை வைத்து உட்கார்ந்தார். மேலே கையைக் காட்டி எல்லோரிடமும், "எம்மகன், வாரான்" என்றார்.

எழுத்து வாசிக்கத் தெரிந்த ஊர் அது. காலேஜ் பிள்ளைகள், கண்டக்டர்கள், தாலுகா ஆபீஸ் கிளார்க்குகள் எல்லோரும் போர்டை வாசித்தார்கள், பிறகு கீழே பார்த்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஊரில் ஆளைக் காணாமல் திரும்பி வந்த அழகுமலைகூட, ஆத்தா சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு என் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். யாராவது சொந்தக்காரர்கள் சொல்லட்டும் என்று ஒவ்வொருவரும் நினைத்திருப்பார்கள். ஆனால் யாராலும் சும்மா கடந்துபோகவும் முடியவில்லை. அதனால் வெள்ளரி வாங்கினார்கள். ஐந்து ரூபாய்க்கு அரைமணி நேரம் மல்லுக்கு நிற்கிற மேலூர்க்காரர்கள், அவர் சொன்ன விலையைக் கொடுத்து, மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் போனார்கள். ஒரு போலீஸ்காரர் காசு கொடுத்து வாங்கினார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

பத்தரை மணிக்குக் கூடை காலி. ஆத்தா கீழே நின்று ஜன்னலைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"இன்னைக்கு யாரு மூஞ்சில முழிச்சேனோ தாயி! ஒருத்தரும் பேரம் பேசல! எல்லாம் அவன் வார யோகம்!"

பஸ் ஏறிப் போய்விட்டார்.

பதினொரு மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து எனக்கு ஒரு போன் வந்தது.

"அக்கா, முகேஷ் பேசுறேன்."

நான் ஓடிக்கொண்டிருந்த மிஷினை நிறுத்தினேன்.

"செத்தவன் பேசுறேன்னு பயந்துறாதீங்க. நான் அந்தக் கேம்ப்புல இல்லக்கா, ரெண்டு நாளைக்கு முந்தியே வேற எடத்துக்கு மாத்திட்டாங்க. போனெல்லாம் வாங்கி வச்சுட்டாங்க. இப்ப வீட்டுக்குப் பேசுங்கடான்னு பக்கத்துல இருந்தவன் போன மட்டும் திருப்பிக் குடுத்து, ஆளுக்கு ஒரு நிமிசம்னாங்க. அம்மா நம்பரப் போடப் போறேன், அந்தப் போன்காரன் அவன் ஊர்க்குரூப்புல வந்ததுன்னு எம்போர்டக் காட்டுறான். கீழ ஒங்க நம்பர் இருந்துச்சு, மொதல்ல போர்ட எறக்கச் சொல்லுவோம்னு போட்டுட்டேன்." அவன் குரல் மாறியது. "அம்மா பாத்துருச்சாக்கா? அம்மாவுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"பாத்துச்சுடா. வாசிக்கத் தெரியாதுல்ல. நீ வாரேன்னு போர்டு வச்சிருக்கோம்னு நெனைச்சிருச்சு. நானும் ஆமான்னு சொல்லிட்டேன்."

அவன் சிரித்தான்.

"அப்ப வந்துதான் ஆகணும். செத்ததாச் சேதி வந்தா ஆயுசு கெட்டிம்பாங்கள்ல. போர்ட எறக்கிருங்கக்கா. ஃபைல அழிச்சிருங்க. அம்மாகிட்ட ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது, தெரிஞ்சா தாங்காது. எப்ப வருவேன்னு கேட்டா, சண்ட முடிஞ்சதும்னு சொல்லுங்க. போட்டோ மட்டும் சூப்பரா..."

கட்டாகிவிட்டது. ஒரு நிமிஷம் முடிந்துவிட்டது.

நான் முதலில் சந்தோஷப்பட்டேன். தரையில் உட்கார்ந்து சிலுவை போட்டு அழுதேன். அன்றைக்குச் சாயங்காலம், பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு அது உறைத்தது. அந்த ஒரு நிமிஷம் அவன் அம்மாவுக்கு உரியது. அந்த போர்டால் அதை நான் வாங்கிக்கொண்டேன்.

அதற்கு முன், மத்தியானமே, போர்டை இறக்க நான் அனுப்பிய அழகுமலை அரைமணியில் திரும்பி வந்தான். இதற்குள் பேர் வந்திருந்தது. முத்துக்கருப்பன், அழகர்கோவில் பக்கத்துக் கிராமம், கல்யாணமாகி ஏழு மாதம். அதுவும் எங்கள் வட்டாரம்தான். ஆனால் எங்களில் யாருக்கும் அவரைத் தெரியாது.

"அக்கா, சவுக்குக் கம்புச் சட்டம் அப்பிடியே இருக்கு. பேரு, ஊரு, போட்டோவ மட்டும் மாத்திக் குடுங்க."

மாற்றிக் கொடுத்தேன். அவர் வீட்டிலிருந்து வாட்ஸப்பில் அனுப்பியது கல்யாணப் போட்டோ. அவர் தோளில் மனைவியின் கை இருந்தது. அந்தக் கையை மவுஸால் வெட்டி எடுத்தேன். அரை நிமிஷ வேலை.

முகேஷின் ஃபைலை நான் அழிக்கவில்லை. அழிக்கக் கூடாது என்று இல்லை. ஃபைல் எதையும் அழிக்காதது தொழில் பழக்கம், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பதினெட்டு நாள். நாடு என்னென்ன செய்தது என்று நீங்களும் பார்த்திருப்பீர்கள். மதுரையில் சங்கு ஊதி விளக்கை அணைத்து ஒத்திகை நடந்தது. என் புருஷன் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பெஞ்சுக்கு அடியில் படுக்கச் சொல்லிப் பழக்கினார்கள், பிள்ளைகள் தினமும் இன்னொரு தடவை படுக்கலாமா சார் என்று கேட்டார்களாம். பரவை மார்க்கெட்டில் வெங்காயம் விலை ஏறியது, பெட்ரோல் பங்கில் வரிசை நின்றது. ரத்தம் கொடுக்க நூறு பேர் நின்றார்கள், அது உண்மையான மனசுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். என் மிஷின் நிற்கவே இல்லை. "எச்சரிக்கிறோம்!" என்று இருபதடி நீளத்துக்கு ஒரு போர்டு. அதில் எச்சரிக்கிறவர்கள் முப்பத்திரண்டு பேரின் போட்டோ.

"எதிரிக்குத் தமிழ் தெரியுமாடா?" என்று அழகுமலையிடம் கேட்டேன்.

"கூகுள்ல போட்டுப் பாத்துக்கிருவான்க்கா."

நாம் திருப்பி அடித்த அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் வெடி வெடித்து லட்டு கொடுத்தார்கள். ஆத்தாவிடமும் ஒன்று நீட்டினார்கள். "அப்ப சண்ட முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார். "இனிமேத்தான் ஆத்தா ஆரம்பம்" என்றான் ஒருவன். ஆத்தா லட்டைத் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டார்.

அவரிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. மேலூர் ஒரு ரகசியத்தைக் காப்பாற்றியது அதுதான் முதல் தடவை. தினமும் கடைக்கு ஏறி வந்து, "சேதி உண்டா?" என்பார். மிலிட்டரியிலிருந்து சேதி வந்தது, நன்றாக இருக்கிறான், சண்டை முடிந்ததும் வருவான் என்று சொல்வேன். அவன் என்னிடம் பேசினான் என்று மட்டும் சொல்லவில்லை. எனக்குப் பேசாமல் உனக்கு ஏன் பேசினான் என்று கேட்டால் போர்டுக் கதை வெளியே வந்துவிடும். அவன் வந்ததும் மூன்று பேருமாக உட்கார்ந்து இதைச் சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

பதினெட்டாம் நாள் மத்தியானம் அறிவிப்பு வந்தது, சாயங்காலம் ஐந்து மணியோடு சண்டை நிறுத்தம் என்று. அதற்கும் லட்டு கொடுத்தார்கள். இந்த லட்டை ஆத்தா வாங்கி, பாதியைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டார்.

அன்றைக்கு மூன்றேகால் மணிக்கு, கணக்குத் தீர்ப்பது போல இரண்டு பக்கமும் மிச்சக் குண்டுகளைப் போட்டுக்கொண்டிருந்தபோது, முகேஷ் செத்துப்போனான்.

இந்தத் தடவை எல்லாம் முறைப்படி நடந்தது. தாசில்தாரும் ஒரு ராணுவ அதிகாரியும் நேராக வீட்டுக்குப் போய்ச் சொன்னார்கள். டிவியில் பேர் பிறகுதான் வந்தது. அழகுமலை கடைக்கு வந்து தரையில் சுருண்டு படுத்துக்கொண்டான். போர்டு கேட்கவில்லை.

நான் ஊருக்குப் போனேன். ஆத்தா வாசலில் மண்ணில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பொம்பளைகள் மாரில் அடித்து அழுதுகொண்டிருந்தார்கள். அவர் அழவில்லை. என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார். குனிந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நீ சொன்னேல்ல தாயி, வாரான்னு. வாரானாம். நாளைக்கு ஏரோப்பிளேன்ல வாரானாம்."

நான் அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஒண்ணு செய்யிறியா? அன்னைக்கு வச்சியே ஒரு போர்டு, சிரிச்சுக்கிட்டு இருப்பான், பின்னால கொடி, புறாவெல்லாம் பறக்கும். அதே போர்ட வையி. அதப் பாத்தப்பத்தான் எனக்கு உசுரு வந்துச்சு. அதுக்குக் கீழதான் அவன் வந்து எறங்கணும்."

கடைக்கு வந்து ஃபைலைத் திறந்தேன். கொடி இருந்தது, புறா இருந்தது, வீரவணக்கம் இருந்தது. மாற்றுவதற்கு ஒன்றுமே இல்லை, தேதியைத் தவிர. தேதியை மட்டும் மாற்றினேன்.

மதுரை விமான நிலையத்திலிருந்து ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள். ரோட்டோரம் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கொடியோடு நிறுத்தியிருந்தார்கள். மந்திரி வந்தார், கலெக்டர் வந்தார். வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள், கொட்டத்தில் ஆடுகள் கத்தின. மடித்த கொடியை ஆத்தா கையில் கொடுத்தார்கள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருட்டும் வரை மடியிலேயே வைத்திருந்தார்.

பதினாறு முடிந்து நாலாம் நாள், ஆத்தா கூடையோடு பஸ்ஸை விட்டு இறங்கினார். போர்டு இன்னும் வாசலில்தான் நின்றது, எடுக்கச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. அதற்குக் கீழேயே உட்கார்ந்தார். யாரிடமும் மேலே கையைக் காட்டவில்லை. நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். ஒவ்வொருவராக வந்தார்கள், குனிந்தார்கள், கேட்ட காசைக் கொடுத்தார்கள், எடுத்துக்கொண்டு போனார்கள். ஒன்பது மணிக்குக் கூடையில் கொஞ்சம்தான் மிச்சம்.

ஆத்தா படியேறி வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"இன்னைக்கும் ஒருத்தரும் பேரம் பேசல ஐரினு."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். என் ஜன்னலிலிருந்து பார்த்தால் போர்டின் முதுகுதான் தெரியும், வெறும் வெள்ளைத் துணியும் சவுக்குக் கம்பும்.

"அன்னைக்கும் இதே போர்டு. அன்னைக்கும் ஒருத்தரும் பேரம் பேசல." மெதுவாகச் சொன்னார். "அப்ப அன்னைக்கே ஒங்களுக்கெல்லாம் அவன் செத்துட்டான். அப்பிடித்தான?"

காலில் விழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். மேலத்தெருப் பசங்களை முந்தியது, பேர் வரும் முன்னே அடித்தது, அவன் போன் பேசியது எல்லாவற்றையும். அவர் என்னைத் தூக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை.

"எம்புட்டு நேரம் பேசினான்?"

"ஒரு நிமிசம் ஆத்தா. ஆளுக்கு ஒரு நிமிசம்தான் குடுத்தாங்களாம்."

"வீட்டுக்குப் பேசத்தான குடுத்தாங்க?"

"ஆமாத்தா."

"என்ன சொன்னான்?"

"அம்மா பாத்துருச்சான்னு கேட்டான். அம்மாவுக்கு ஒண்ணும் ஆகலையேன்னு கேட்டான். சிரிச்சான்."

"சிரிச்சானா?" என்றார். அதை ஒரு தடவை தனக்குள்ளே கேட்டுப் பார்க்கிறவர் மாதிரி கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு கூடைக்குள் கையை விட்டார். நல்ல பிஞ்சாக இரண்டு வெள்ளரி எடுத்தார். கை என்னிடம் நீண்டது. நானும் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"இருவது ரூவா" என்றார்.

நான் பர்ஸை எடுத்தேன்.

"கேளு."

"என்னாத்தா?"

"கொறைச்சுக் கேளு. எல்லாரும் எழவு வீட்டுக்கு மொய் வைக்கிற மாதிரி காசக் குடுத்துட்டுப் போறாக. ஒருத்தராச்சும் வியாவாரம் மாதிரி கேளுங்க. கேளு தாயி."

பதினான்கு வருஷமாக இவரிடம் எத்தனை தடவை பேரம் பேசியிருப்பேன்.

"பதினஞ்சுக்குத் தாங்க ஆத்தா" என்றேன்.

ஆத்தா என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கட்டாது" என்றார்.

இரண்டு வெள்ளரியையும் கூடையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.